தண்ணீர் பீய்ச்சினால் மட்டும் போதுமா? அவுட்போர்டு மோட்டார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது கடப்பாக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும், நடுவில் மணல்திட்டு. சோழமண்டலக் கரையின் மற்ற ஊர்களைப் போலவே, 2004 சுனாமிக்குப் பிறகு இங்கும் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. இந்தப் படகுகளில் பூட்டும், நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் லாங் டெயில் டீசல் எஞ்சின்களில் பலவும் காற்றிலேயே குளிர்பவை. அவுட்போர்டு மோட்டார் அப்படியல்ல. தான் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. லாங் டெயிலில் பழகிய கை அவுட்போர்டைப் பிடிக்கும்போது சில தவறான நம்பிக்கைகளும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு எஞ்சினின் விலை ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு என்பதால் அவற்றை விளக்கமாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர் போகும் வழி. மோட்டாரின் கால் பகுதியில் பக்கவாட்டில் சல்லடை போன்ற துளைகள் உண்டு. அவற்றின் வழியே நுழையும் தண்ணீரை ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் மேலே தள்ளும். குழாயில் ஏறி, சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி வந்து, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அதில் ஒரு சிறு கிளைதான் மூடிக்குக் கீழே, பின்பக்கத் துளையில் பீய்ச்சுகிறது.

நம்பிக்கை 1: "தண்ணி பீய்ச்சுது, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

உண்மை: பீய்ச்சும் தண்ணீர், பம்ப் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பல மோட்டார்களில் இந்தக் கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலும், உள்ளே உப்பு அடைத்திருந்தாலும், வெளியே தண்ணீர் ஜோராகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அதனால் கண்ணால் பார்த்தது போதாது, கையாலும் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடோ ஆவியோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

நம்பிக்கை 2: "தண்ணி வரலேன்னா பம்ப் போச்சு, கழட்ட வேண்டியதுதான்."

உண்மை: பல நேரம் அடைத்திருப்பது அந்தச் சின்னத் துளை மட்டும்தான். உப்புக் கட்டி, மணல், கரையில் கிடந்த நாட்களில் குளவி கட்டிய மண்கூடு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கெட்டியான தங்கூசித் துண்டு ஒன்றைத் துளைக்குள் விட்டுக் குடையுங்கள். பிறகு காலைத் தூக்கிச் சல்லடையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கால்வாய் இழுத்து வரும் பிளாஸ்டிக் பை ஒன்று அதைச் சுற்றிக்கொண்டாலே தண்ணீர் நின்றுவிடும். இரண்டும் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால்தான் பம்ப் மேல் சந்தேகம் வர வேண்டும்.

நம்பிக்கை 3: "இம்பெல்லர் உடையாத வரைக்கும் மாத்த வேண்டாம்."

உண்மை: இம்பெல்லர் உடைவதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடுகிறது. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். புதியதில் இதழ்கள் நேராக நிற்கும். பழையதில் எல்லா இதழும் ஒரே பக்கம் சாய்ந்தபடி விறைத்துப்போயிருக்கும். அதற்கடியில் உள்ள எஃகுத் தகட்டில் நகத்தை ஓட்டினால் வட்டமாகப் பள்ளம் தட்டுப்படும். அது மணல் அறுத்த தடம். மணல்திட்டை உரசி, முகத்துவாரத்தின் ஆழமில்லாத நீரில் ஓட்டும் படகுகளுக்கு இது சீக்கிரமே நடக்கும். பள்ளம் விழுந்த தகட்டின் மேல் புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மெதுவாக ஓடும்போது பீய்ச்சல் சோர்ந்து, வேகம் கொடுத்தால் தேறினால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று பொருள். மெதுவில் நன்றாக இருந்து, வேகத்தில் மட்டும் சூடேறினால் சல்லடையிலோ உள்வழியிலோ பாதி அடைப்பு இருக்கலாம். இம்பெல்லர் உடைந்தே போயிருந்தால், உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போன துண்டு மேலேறி வழியில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும். திரும்பப் பூட்டும்போது தண்டில் உள்ள சிறிய கீயை விட்டுவிட்டால் தண்டு சுழலும், இம்பெல்லர் சுழலாது. தண்ணீர்க் குழாயின் நுனி பம்ப்பின் ரப்பர் வளையத்தில் சரியாக உட்காராவிட்டாலும் தண்ணீர் மேலே ஏறாது.

நம்பிக்கை 4: "கரையில ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் ஆகாது."

உண்மை: இம்பெல்லருக்கு வழவழப்பு தருவதும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சில நொடிகளிலேயே ரப்பர் உராய்ந்து சூடாகி ஓரம் கருகத் தொடங்கும். கரையில் ஸ்டார்ட் செய்ய வேண்டுமானால் பம்ப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் காலை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

நம்பிக்கை 5: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா எஞ்சின் குளுகுளுன்னு ஓடும்."

உண்மை: கரையோரத்தில் மிகவும் பரவலாக இருக்கும் தவறு இது. எஞ்சினுக்கு அதிகச் சூடு எப்படி ஆகாதோ, அப்படியே அதிகக் குளிர்ச்சியும் ஆகாது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு இது இன்னும் பொருந்தும். மண்ணெண்ணெய் ஆவியாகப் பெட்ரோலைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். குளிர்ந்தே ஓடும் சிலிண்டரில் எரியாத மண்ணெண்ணெய் பிளக்கை நனைக்கும், சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ரிங்கு தேயும். தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா என்று பார்க்க, அதை ஒரு நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலை வந்ததும் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் அதே மாடலுக்கு உரியதை வாங்கிப் போடுங்கள். கார் தெர்மோஸ்டாட் இதற்குச் சரிவராது. கார்களில் அது 80 டிகிரிக்கு மேல் திறக்கும். பல அவுட்போர்டுகளில் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடும். கடல்நீர் சூடாகச் சூடாக உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும் என்பதால்தான் இவ்வளவு தாழ்ந்த அளவு.

நம்பிக்கை 6: "கழிவெளியில ஒரு சுத்து ஓட்டினா உப்பு கழுவிடும்."

உண்மை: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிவெளி நீர் மழைக்காலத்தில் சற்று நீர்த்திருக்கலாம். கோடையில் வெயில் உறிஞ்சியபின் கடலைவிட உப்பாகவே மாறிவிடலாம். தெற்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருப்பதே இந்தப் பகுதியின் நீருக்குச் சாட்சி. கழுவ வேண்டியது நல்ல தண்ணீரில்தான். டிரம்மில் காலை இறக்கி, நியூட்ரலில், மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு மோட்டாரை நேராக நிறுத்தி உள்ளே தேங்கியதை வடியவிடுங்கள். அன்றன்றே செய்தால்தான் பலன் உண்டு. காய்ந்து இறுகிய படிவு வெறும் தண்ணீருக்கு அசையாது.

நம்பிக்கை 7: "சூடாயிட்டா மேல தண்ணி ஊத்து, ஆறிடும்."

உண்மை: எஞ்சின் அலுமினிய வார்ப்பு. கொதிக்கும் நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி ஹெட் கோணலாகும், கேஸ்கட் பிளக்கும், சில நேரம் வெடிப்பே விழும். நிறுத்துங்கள், காலைத் தூக்கிச் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள், தானாக ஆறும்வரை பொறுங்கள். அலை மடிந்து விழும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு கவிழும் ஆபத்து உண்டு. எனவே பீய்ச்சலையும் சூட்டையும் கரையை நெருங்குமுன், அலைக்கு வெளியே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

படகோட்டிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் மாடலுக்கான இம்பெல்லர், கீ, கேஸ்கட், தெர்மோஸ்டாட் நான்கையும் ஒரு டப்பாவில் போட்டுக் கைவசம் வைத்திருங்கள். தண்ணீர் நின்றால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். அதன்பின் துளை, சல்லடை, பம்ப், தெர்மோஸ்டாட் என்ற வரிசையிலேயே பாருங்கள். எஞ்சினின் விலையோடு பார்த்தால் அற்பக் காசுக்குக் கிடைக்கும் ரப்பர் துண்டைக் காலத்தில் மாற்றாததால்தான் பல எஞ்சின்கள் பாழாகின்றன.