ஆசிட் கசியும் சுரங்கம்: இன்டர்வியூவில் முந்த 6 வழிகள்

சுரங்க நிறுவனங்களின் என்விரான்மென்ட் பிரிவுக்குக் குறி வைக்கிறீர்களா? ‘ஆசிட் மைன் டிரெய்னேஜை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்?’ என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். ‘சுண்ணாம்பு போடுவோம்’ என்பது பலரும் சொல்லும் பதில். ஆசிட் உருவாகும் முன்பே தடுக்கத் தெரிந்தவருக்குத்தான் மவுசு.

1. காரணத்தை ஒரே நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். நிலக்கரிக் கழிவில் உள்ள பைரைட், காற்றும் தண்ணீரும் பட்டால் சல்ஃப்யூரிக் ஆசிட்டை உண்டாக்கும். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். ஓடைக் கற்களில் காவி நிறச் சேறு படியும், மீன்கள் அழியும்.

2. பாக்டீரியாவை முடக்கும் மருந்தை, அதாவது பாக்டீரிசைடை, தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க பியூரோ ஆஃப் மைன்ஸில் ராபர்ட் கிளைன்மன் முன்னெடுத்த ஆய்வுகள், சோடியம் லாரில் சல்ஃபேட்டை இந்தப் பாக்டீரியாவுக்கு எதிராகப் பயன்படுத்தின. ஷாம்பூவிலும் டூத்பேஸ்ட்டிலும் இருக்கும் அதே சர்ஃபாக்டன்ட்தான். இது பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கிறது. பிறகு, அது உருவாக்கிய ஆசிட்டே உள்ளே புகுந்து அதை முடக்கிவிடும்.

3. மருந்தின் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்ப்ரே செய்தது மழையில் கரைந்துபோகும், சில மாதங்களே தாங்கும். மெதுவாகக் கரையும் பெல்லட் சில வருடங்கள் வரை உழைக்கும். புதிதாகக் கொட்டிய கழிவில்தான் முழுப் பலன். ஆசிட் ஏற்கெனவே ஊறிப்போன பழைய குவியலில் சுண்ணாம்பும் தேவை. டோஸ் கூடினால் ஓடை மீன்களுக்கே ஆபத்து. எங்கே பலிக்காது என்று தெரிந்தவரைத்தான் மேனேஜர் நம்புவார்.

4. கணக்கு விரல் நுனியில் இருக்கட்டும். 1,000 டன் கழிவில் 1% பைரைட் சல்ஃபர் இருந்தால், அதன் ஆசிட்டைச் சமன்செய்ய 31.25 டன் கால்சியம் கார்பனேட் வேண்டும். 2% என்றால் 62.5 டன். ஒயிட்போர்டில் இதை நீங்களாகவே போட்டுக் காட்டுங்கள்.

5. pH-ஐ மட்டும் பார்க்காதீர்கள். கழிவில் கார்பனேட் இருக்கும்வரை pH இறங்காது, ஆனால் சல்ஃபேட் ஏறிக்கொண்டிருக்கும். சல்ஃபேட், இரும்பு, அசிடிட்டி மூன்றையும் மாதாமாதம் எக்ஸெலில் பதிவு செய்யுங்கள். பிரச்னையை முதலில் சொல்பவர் மேலிடத்தின் கண்ணில் படுவார்.

6. பணத்தின் மொழியில் பேசுங்கள். அமெரிக்காவில் 1977 சட்டப்படி, நிலத்தை மீட்டுத் தருவதற்கு நிறுவனம் முன்கூட்டியே பாண்ட் கட்ட வேண்டும். செடிகொடி வேரூன்றி நிலைத்த பிறகுதான் முழுத்தொகையும் விடுபடும். அதற்கு, பாக்டீரிசைட் ஆசிட்டை அடக்கிவைக்கும் காலத்தில் மண் பரப்பி, விதை தூவிவிட வேண்டும். மருந்து தீர்ந்த பிறகு, ஆக்சிஜனை உறிஞ்சும் வேர்களும் அவற்றைச் சார்ந்த நுண்ணுயிர்களும் காவலைத் தொடரும். ‘மருந்து இவ்வளவு, மிச்சமாகும் சுண்ணாம்பு இவ்வளவு, பாண்ட் விடுபடும் காலம் இது’ என்று ஒரே ஸ்லைடில் காட்டுங்கள்.

இந்தியாவிலும் இந்தத் திறமைக்குத் தேவை இருக்கிறது. மேகாலயாவின் ஜைந்தியா மலையில் நிலக்கரிச் சுரங்க ஆசிட் ஆறுகளைப் பாழாக்கியது. 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மேகாலயாவில் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. ஜைந்தியா மலையை வைத்து இரண்டு பக்க கேஸ் ஸ்டடி ஒன்றை இந்த வாரமே எழுதி ரெஸ்யூமேயுடன் இணையுங்கள். எந்தக் குவியலுக்கு எந்த மருந்து, எங்கே மருந்தே வேண்டாம் என்பதை அதில் தெளிவாகச் சொல்லுங்கள்.