சான்றை எடைபோடுதல்

பாடல்களைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பதிவிறக்கியதால் இசைத்தொழில் நலிந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் முதலில் காண்பது விற்பனைக் கணக்கையே. அமெரிக்காவில் 1999இல் இசைப்பதிவுகளின் வருவாய் ஏறத்தாழ 1,460 கோடி டாலர். பாடற்கோப்புகளைப் பயனர்கள் தமக்குள் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் தோன்றியதும் அவ்வாண்டே. 2014இல் வருவாய் பாதிக்கும் கீழே சரிந்திருந்தது.

இக்கணக்கை வெளியிட்டது அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம். 2003 முதல் மாணவர் உள்ளிட்ட தனிமனிதர்கள்மீது வழக்குத் தொடுத்ததும் அதுவே. அதனால் அதன் எண்கள் பொய்யாகிவிடா. ஆயினும், அது வழக்கில் ஒரு தரப்பு என்பதை மறத்தலாகாது. மேலும், ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததனாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. முழு இசைத்தொகுப்பை வாங்காமல், விரும்பிய ஒரு பாடலை மட்டும் 99 சென்டுக்கு வாங்கும் வசதியை ஐடியூன்ஸ் 2003இல் அளித்தது. வருவாய் குறைய இதுவும் காரணமாகலாம் அன்றோ?

அறிஞரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டின் பதிவிறக்கத் தரவை ஆராய்ந்தனர்; விற்பனையில் அதன் தாக்கம் ஏறக்குறையச் சுழியம் என 2007இல் எழுதினர். பொருளியலறிஞர் ஸ்டான் லீபோவிட்ஸ் அம்முறையை மறுத்தார். சரிவுக்குப் பதிவிறக்கமே காரணம் என்றார்.

இம்முடிவுகளைச் சார்ந்தே கலைஞரின் பிழைப்பும் வழக்கில் சிக்கியோரின் வாழ்வும் அமைந்தன. ஆகவே, எந்தச் சான்றையும் ஏற்குமுன் நான்கு வினாக்களை எழுப்புக: கூறுபவர் யார்? எத்தரவைக் கொண்டு கூறுகிறார்? எம்முறையில் ஆராய்ந்தார்? மறுத்தவர் கூறுவது என்ன? நம் கருத்துக்கு இசைந்ததை மட்டும் பொறுக்கி எடுப்பது ஆய்வன்று, வழக்காடுதலே.