அடுத்த மடத்தில் பந்தி முந்தினால்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கல்லூரி ஆண்டு மலருக்கு நீ எழுதிவரும் கதையைப் படித்தேன். இரண்டு சிநேகிதிகள், ஒருத்திக்கு மட்டும் வரம் கிடைக்கிறது, அவள் தொட்டால் நோய் தீர்கிறது, அவள் நினைத்தால் மழை பெய்கிறது. மற்றவள் வயிறு எரிந்து அவளைக் கெடுக்கப் பார்க்கிறாள். அதற்குமேல் கதை நகரமாட்டேன் என்கிறது, நம் பக்கத்தில் இப்படிப் பழைய கதை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. கெட்டுப்போன கதை ஒன்று, கெடாமல் தப்பிய கதை ஒன்று. இரண்டுமே காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் நடப்பவை.

முதலில் கெட்டுப்போனது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரைப் பற்றி வாய்வழியாக வழங்கும் கதை இது. அவருக்கு இயற்பெயர் வரதன். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர். ஒருநாள் இரவு திருவானைக்கா கோயிலுக்குள் போனவர் அங்கேயே அசந்து தூங்கிவிட்டார். அதே கோயிலில் கல்வி வரம் வேண்டி ஒருவர் நெடுநாளாகத் தவம் கிடந்தார். அந்தக் கோயில் அம்மன் அகிலாண்டேசுவரி ஒரு பெண்ணாக வந்து, மென்ற தாம்பூலத்தை அவர் வாயில் இடப்போனாள். எச்சில் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மன் வரதனை எழுப்பிக் கேட்டாள். அரைத் தூக்கத்தில் அவர் வாயைத் திறந்துவிட்டார். விடிந்தபோது, கேட்டவுடன் பாடும் ஆசுகவியாக எழுந்தார்.

அந்தக் கவி திருமலைராயன்பட்டினத்துக்குப் போனார். இன்றைக்குக் காரைக்கால் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே ஆண்ட திருமலைராயன் சபையில் அதிமதுரகவியும் அவருக்குக் கீழே தண்டிகை ஏறும் அறுபத்துநான்கு புலவர்களும் இருந்தார்கள். வந்தவருக்கு உட்கார இடம்கூடக் கொடுக்கவில்லை. எமகண்டம் பாடச் சொன்னார்கள். கீழே தீ, தீயின்மேல் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, அதற்குமேல் தொங்கும் உறியில் கவி, உடம்பில் கட்டிய கத்திகள். கேட்ட கேள்விக்கெல்லாம் தட்டாமல் பாட வேண்டும்; தவறினால் உயிர் போகும். பாடி வென்றார். வென்ற பிறகும் அரசனிடமிருந்து உரிய மரியாதை வரவில்லை. கோபத்தில் அந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று பாடிவிட்டுப் போனார் என்பது கதை.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனி. நெடுநாள் தவம் கிடந்து வரத்தைத் தவறவிட்டவர்தான் நியாயமாகப் பொறாமைப்பட வேண்டும். அவரைப் பற்றிக் கதை அப்புறம் பேசுவதே இல்லை. பொறாமைப்பட்டவர்கள் பல்லக்கில் போய்க்கொண்டிருந்த அறுபத்துநான்கு பேர். இல்லாதவனைவிட, கையில் இருப்பது போய்விடுமோ என்று பயப்படுகிறவனைத்தான் பொறாமை சீக்கிரம் பிடிக்கும். கடைசியில் அந்தப் பொறாமைக்கும் கவியின் கோபத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தது ஒரு பாவமும் அறியாத ஊர்.

இனி கெடாத கதை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் இதில் நண்பர்கள். சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். நாவுக்கரசர் முதியவர், சம்பந்தர் சிறுபிள்ளை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள வயது வித்தியாசம். சீகாழியில் முதன்முதலாகச் சந்தித்தபோது பிள்ளை ‘அப்பரே’ என்று கூப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. உன் கதையில் ஒருத்திக்குத்தான் வரம்; இங்கே இரண்டு பேருக்கும் உண்டு. பாம்பு கடித்து இறந்த பிள்ளையைத் திங்களூரில் அப்பர் பாடி எழுப்பினார். பாம்பு கடித்து இறந்த வணிகனைத் திருமருகலில் சம்பந்தர் பாடி எழுப்பினார். ஆனால் சம்பந்தருக்கு முத்துச் சிவிகை கிடைத்தது. அப்பர் கையில் உழவாரம்தான். கோயில் கோயிலாகப் புல் செதுக்கியபடி நடந்தார். ஒருவருக்கு ஏராளம், ஒருவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது நட்பாகவே இராது. இருவருக்கும் உண்டு, ஆனால் அளவு ஒன்றில்லை என்னும் இடத்தில்தான் மனசு அரிக்கத் தொடங்கும். குயவனுக்குக் குயவன்மேல்தான் பொறாமை என்ற பழைய கிரேக்கச் சொல்லை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுவார். ஊரிலும் தொழிலிலும் நமக்குப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. எட்டாத தூரத்தில் இருப்பவனைப் பார்த்து யாரும் தூக்கம் கெடுவதில்லை.

இந்த நட்புக்கு அப்படியொரு சோதனை முதலில் திருவீழிமிழலையில் தலைகாட்டியது. மழை பொய்த்து, காவிரி வறண்டு, பஞ்சம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தனித்தனி மடம். அடியார்களுக்குச் சோறு போட வேண்டும். இறைவன் கனவில் வந்து, பஞ்சம் தீரும்வரை நாளுக்கு ஒரு பொற்காசு தருவதாகச் சொன்னார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒன்று. காசை மாற்றி அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி இரண்டு மடத்திலும் உலை வைத்தார்கள். ஆனால் அப்பர் மடத்தில் வேளைக்குப் பந்தி முடிந்துவிடும். சம்பந்தர் மடத்தில் பொழுது சாய்ந்துவிடும்.

சம்பந்தர் சமையல்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நமக்கு வரும் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள், நாவுக்கரசருக்கு வரும் காசுக்குக் கேட்பதில்லை என்றார்கள். மாற்றுக் குறைந்த காசுக்கு வியாபாரி பிடித்துக்கொள்ளும் கழிவுதான் வாசி. அந்தப் பேரம் முடிந்து சரக்கு வந்து சேருவதற்குள் நேரமாகிவிடுகிறது.

இந்த இடத்தில் பொறாமைக்கு வேண்டிய எல்லாமே தயாராக இருக்கிறது. ஒரே சாமி, ஒரே ஊர், ஒரே நாள். காசு மட்டும் வேறு. பசித்த அடியார்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஞானப்பால் குடித்த பிள்ளைக்குக் கழிவுக் காசு. புல் செதுக்குகிறவருக்கு நல்ல காசு! சம்பந்தர் யோசித்தார். அப்பர் உடம்பால் உழைக்கிறார், அந்தக் கைத்தொண்டுக்குக் கிடைத்த மதிப்பு இது என்று காரணத்தைத் தாமே கண்டுபிடித்தார். அப்பருக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் கொடுத்தவர் முன்னாலேயே போய் நின்று, கழிவில்லாத காசாகக் கொடுங்கள் என்று பதிகம் பாடினார். அன்றிலிருந்து நல்ல காசு வந்தது. இரண்டு மடத்திலும் ஒரே நேரத்தில் இலை போட்டார்கள். அப்பர் காசில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

நம் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் மதகைத் திறக்க வேண்டியவரிடம் போய்க் கேட்கலாம், சத்தமும் போடலாம். ராத்திரியில் போய் மேல்மடைக்காரனுடைய வரப்பை வெட்டினால் மறுவருஷம் இரண்டு வயலுக்கும் தண்ணீர் நிற்காது.

அடுத்த சோதனை அப்பருக்கு வந்தது, திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யம். வேதங்கள் பூசை செய்து சாத்திவிட்டுப் போன கதவை யாராலும் திறக்க முடியவில்லை. ஊரார் வேறு வாசலில் போய்வந்தார்கள். நேர் வாசலில் போய்த்தான் கும்பிட வேண்டும், அப்பரே, நீங்கள் பாடித் திறப்பியுங்கள் என்றார் சம்பந்தர். அப்பர் பாடினார். கதவு அசையவில்லை. பாட்டுக்குமேல் பாட்டாகப் போயிற்று. உமக்கு இரக்கம் என்பதே இல்லையா என்ற ஆற்றாமையோடு கடைசிப் பாட்டைப் பாடிய பிறகுதான் தாழ் திறந்தது. உள்ளே போய்க் கும்பிட்டு வெளியே வந்ததும், இனி இது திறந்தும் சாத்தியும் வழக்கப்படி நடக்கட்டும், நீங்கள் சாத்துங்கள் என்றார் அப்பர். சம்பந்தர் பாடிய முதல் பாட்டிலேயே கதவு சாத்திக்கொண்டது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடாதே. பெரியவருக்கு ஒரு முழுப் பதிகம். சின்னப்பிள்ளைக்கு ஒரே பாட்டு.

அன்றிரவு அப்பருக்கு மனசு சரியில்லை. திறக்க நான் அத்தனை பாடு பட்டேன், சாத்த அவருக்கு இவ்வளவு எளிதாக இருந்ததே, இறைவன் திருவுள்ளம் எனக்குத் தெரியவில்லையே என்று கவலையோடும் பயத்தோடும் மடத்தில் ஒரு பக்கமாகப் படுத்தார் என்கிறார் சேக்கிழார். பொறாமை என்ற சொல்லை அவர் போடவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்து வாடியதை மறைக்கவும் இல்லை. அடியாரின் பெருமையைப் பாட வந்த நூல், அந்த அடியார் வாடிப்போன ராத்திரியையும் எழுதி வைத்திருக்கிறது. உன் கதைக்கு வேண்டியது இதுதான். உன் இரண்டாவது சிநேகிதிக்கு நீ அப்படி ஒரு ராத்திரியைக் கொடுக்கவே இல்லை. ஒரு பாராவில் அவள் தோழி, அடுத்த பாராவில் வில்லி. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது.

அப்புறம் கனவில் இறைவன் வந்து, வாய்மூரில் இருக்கிறோம், தொடர்ந்து வா என்றார். அப்பர் எழுந்து ஓடினார். முன்னால் போன உருவம் எட்டவே இல்லை. செய்தி தெரிந்து சம்பந்தரும் பின்னாலேயே வந்துவிட்டார். அப்போது அப்பர் பாடிய திருவாய்மூர்ப் பதிகத்தில், திறக்கப் பாடிய என்னைக் காட்டிலும் பெரியவர், உறுதியாகப் பாடிச் சாத்துவித்தவர், இதோ வந்து நிற்கிறார் என்கிறார். சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முன்னால் அப்பரே தம் பாட்டில் பதிந்துவிட்ட சொல் அது. முந்தின நாள் மனசை அரித்த அதே ஒப்பீட்டை, அவர் நண்பனுக்காக வாதாடும் பேச்சாக மாற்றிவிட்டார்: எனக்குத் தராவிட்டால் போகிறது, இவருக்காவது காட்சி தர வேண்டாமா? இறைவன் சம்பந்தருக்குக் காட்சி தந்தார். சம்பந்தர் அதை அப்பருக்குக் காட்டினார்.

இன்னொன்றும் உண்டு. திருமறைக்காட்டில் இருக்கும்போதே பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி மதுரையிலிருந்து ஆள் அனுப்பினார். அழைப்பு சம்பந்தருக்கு. அப்பருக்கு முதலில் வந்தது பயம். சமணர்களால் தாம் முன்பு பட்ட துன்பத்தை நினைத்து, நாளும் கோளும் நன்றாக இல்லை, போக வேண்டாம் என்று தடுத்தார். சம்பந்தரின் கோளறு பதிகம் அதற்குப் பதிலாகத்தான் பிறந்தது. மதுரையில் அந்தச் சமணர்களை வாதில் வென்று சம்பந்தர் திரும்பி வந்தபோது, தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தியில் இருந்த அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சிவிகையில் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று உள்ளிருந்து பிள்ளை கேட்டார்; உம்மைத் தாங்கும் பேறு பெற்று இதோ இருக்கிறேன் என்று கீழிருந்து பதில் வந்தது. சம்பந்தர் பதறிக் குதித்து இறங்கி வணங்கினார். பல்லக்கில் இருப்பவர் இறங்கத் தயாராக இல்லையென்றால் சுமப்பவரின் நட்பு ரொம்ப நாள் தாங்காது. வரம் பெற்றவருக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

இதெல்லாம் நடந்ததா என்று உன் வயதில் கேட்கத் தோன்றும். கதவு பாட்டுக்குத் திறந்ததா என்பது நம்புகிறவர் பாடு. ஆனால் இரண்டு திறமைசாலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சேக்கிழாருக்குத் தெரிந்திருந்தது. அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

திருக்குறளில் அழுக்காறாமை பதினேழாம் அதிகாரம். அடுத்தது வெஃகாமை, அதற்கடுத்தது புறங்கூறாமை. முதலில் பார்த்து எரிகிறோம், பிறகு அதைப் பறிக்கப் பார்க்கிறோம், முடியாவிட்டால் முதுகுக்குப் பின்னால் பேசுகிறோம். வள்ளுவர் வரிசை தற்செயலாகவே இருந்தாலும் நாம் விழும் வரிசை அதுதான். முதல் படியில் கால் வழுக்குவது எல்லோருக்கும் உள்ளது. அப்பருக்கே ஒரு ராத்திரி வாட்டம் இருந்தது. இரண்டாம் படியில் கால் வைக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஆகையால் உனக்குச் சொல்வது இது. உனக்குக் குறைந்தால் அதைக் கொடுக்க வேண்டியவரிடம் போய்க் கேள், கூச்சப்படாதே. சிநேகிதிக்குக் கூடினால் அவள் எதைச் செய்ததால் கூடிற்று என்று ஒரு தரம் நிதானமாகப் பார். அப்படியும் மனசு ஆறாவிட்டால் ஒரு ராத்திரி வாடிக்கொள், தப்பில்லை. விடிந்ததும் அவளைப் பாராட்டி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு. தள்ளிப்போடாதே. அந்த வார்த்தை வாயில் நின்றுபோனால் அதற்குப் பதிலாக வேறு வார்த்தை வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் மாமா