அரை டாலர் சுருளில் வெள்ளி

கேள்வி: அமெரிக்க வங்கிகள் தாளில் சுற்றித் தரும் நாணயச் சுருள்களில் இன்றும் வெள்ளி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் அரிதாகவே. 1964 வரை பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்கள் 90 விழுக்காடு வெள்ளி கலந்து அடிக்கப்பட்டன. 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டம் முதலிரண்டிலிருந்தும் வெள்ளியை அறவே நீக்கியபோதும், கென்னடி உருவம் பொறித்த அரை டாலரில் மட்டும் அது 40 விழுக்காடாகக் குறைந்து 1970 வரை நீடித்தது. தேடுவோர் 20 நாணயங்கள் அடங்கிய அரை டாலர் சுருள்களையே பெரிதும் நாடுவதற்கு இதுவே காரணம். அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் அந்நாணயம் அதிகம் புழங்காததும் அவர்களுக்குச் சாதகமாயிற்று. சுருளைப் பிரித்ததும் விளிம்பைப் பார்ப்பதே விரைவான வழி: செம்பின் இருபுறமும் செம்பு-நிக்கல் தகடு ஒட்டிய பிற்கால நாணயத்தின் விளிம்பில் செந்நிறக் கோடு தெரியும், 90 விழுக்காட்டு நாணயத்தின் விளிம்போ முழுதும் வெண்மையாக இருக்கும். 40 விழுக்காட்டு வகையின் விளிம்பு இரண்டுக்கும் இடைப்பட்டு ஏமாற்றக்கூடியதாதலால், அங்கே ஆண்டைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.