திரைத்தொழில் நிர்வாகம்: எந்த வாயில் வழியே நுழைவது?

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில், பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகளை உடன் அழைத்து வரும் தாய்தந்தையர், "நடிப்பு வேண்டாம், டைரக்ஷன் வேண்டாம், சினிமாக் கம்பெனியில் நிர்வாகப் பதவிதான் வேண்டும் என்கிறான், எதில் சேர்க்கலாம், ஐயா?" என்று என்னிடம் வினவுவது வழக்கமாகிவிட்டது. அவர்களிற் பலர், அண்டைவீட்டுப் பையன் சேர்ந்த கல்லூரியிலேயே முன்பணமும் கட்டிவிட்டு, சம்மதம் பெறுவதற்காக மட்டுமே வருகிறார்கள் என்பதை அறியும்போது உண்டாகும் மனவருத்தமே இதை எழுதத் தூண்டிற்று.

கையில் முதல் உள்ளவர் தயாரிப்பாளராகலாம் என்பதும், குடும்பச் சொத்தாகத் திரையரங்கு உள்ளவர் அதை ஏற்று நடத்தலாம் என்பதும் யாவரும் அறிந்தவை. ஏனையோருக்குத் திறந்திருப்பவை தயாரிப்பு நிர்வாகம், விநியோகம், தொலைக்காட்சி அல்லது ஓடிடி நிறுவனத்தின் அலுவலகப் பதவி என்னும் மூன்றே. தயாரிப்பு நிர்வாகியிடம் உதவியாளராகச் சேர்பவர், கால்ஷீட் பிசகாமல் காப்பது, படப்பிடிப்பு அநுமதி பெறுவது, விடியுமுன் வண்டிகளை அனுப்புவது, பொழுது சாய்ந்ததும் தொழிலாளர்களுக்குப் பேட்டா பட்டுவாடா செய்து வவுச்சரில் கையெழுத்து வாங்குவது ஆகியவற்றைப் பழகுவார். கோபம் வராத சுபாவமும் விடியற்காலையில் எழும் உடலும் உள்ளவருக்கு இது உத்தமமான வழி.

அலுவலகப் பதவியை நாடுவோரின் மோகம் முழுவதும் இப்போது 'மீடியா மேனேஜ்மென்ட்' என்னும் எம்.பி.ஏ. பட்டத்தின்மேல் சென்றிருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம், அதற்கொரு வங்கிக் கடன், முடித்தவுடன் குளிரூட்டிய அறையில் உத்தியோகம் என்னும் ஆசைவார்த்தை. சம்பந்தம் பேச வருவோரிடம் சொல்லிக்கொள்ளவும் அந்த மூன்றெழுத்து உதவும் என்பதால் பெற்றோருக்கும் அதன்மேல் ஒரு பிரேமை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு படம் விலைபோகும் முறையை அந்த வகுப்பறையில் எவ்வளவு தூரம் கற்க முடியும்? சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடுகள், மதுரை–இராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, திருநெல்வேலி–கன்னியாகுமரி, கோவை, சேலம் என்று ஏரியா ஏரியாவாக வியாபாரம் நடக்கும் இத்தொழிலில், மினிமம் காரண்டி என்றால் நஷ்டம் விநியோகஸ்தருடையது, திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் என்றால் அது தயாரிப்பாளர் தலையிலேயே திரும்பி விழும் என்பதைப் பாடமாக ஒப்பிக்க எந்த மாணவனாலும் முடியும்; இன்ன படத்துக்குச் சேலத்தில் எதைக் கேட்பது, கோவையில் எதற்கு இணங்குவது என்னும் விவேகமோ புத்தகத்தில் வருவதன்று. மேலும் பெரிய ஓடிடி நிறுவனங்களின் இந்தியத் தலைமை பெரும்பாலும் மும்பையில் இருக்க, இங்குள்ள இளைஞர் பலருக்கு வாய்ப்பது, பிறர் எடுக்கும் முடிவுக்கு அட்டவணை தயாரித்துத் தரும் வேலையே. கடன் தவணைக்கு அஞ்சி, கிடைத்த விளம்பர விற்பனை வேலையில் ஒதுங்கி, படம் என்பதையே மறந்துபோன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர், தொழிலின் வாசலுக்கே வராமல் அதன் வரைபடத்தை மட்டும் விலைகொடுத்து வாங்கியவர்கள்.

காலம் மாறிவிட்டதென்று சொல்வார்கள். மாறியது உண்மையே, ஆயினும் இந்தப் படத்தின் உரிமைக்கு என்ன விலை என்னும் கேள்வி மாறவில்லை. அதற்கு விடை காண வியாபாரத்தில் பழகிய பிறகே முன்னோடிகள் படமெடுக்க வந்தார்கள். எஸ்.எஸ். வாசன் 1940-இல் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்குமுன் விளம்பரத் தொழிலும், பத்திரிகையும், பட விநியோகமும் பார்த்தவர். 1948-இல் 'சந்திரலேகா'வைத் தமிழோடு நிறுத்தாமல் இந்தியிலும் எடுத்து, மகத்தான விளம்பரத்தோடு வடநாடெங்கும் கொண்டு செல்லும் துணிவு அந்தப் பழக்கத்தால் விளைந்ததென்பது என் துணிபு. ஏவி.எம். ஸ்டூடியோவை நிறுவிய ஏவி. மெய்யப்பனும் இசைத்தட்டு வியாபாரத்தில் ஜனங்களின் ருசியை அறிந்த பிறகே படத்தொழிலுக்கு வந்தார்.

ஆதலால் விநியோக அலுவலகமே சிறந்த பள்ளி என்பேன். விநியோக அலுவலகங்கள் நிறைந்த சென்னை மீரான் சாகிபு தெருவில் இளமையைக் கழித்தவனுக்கு இந்தப் பட்சபாதம் இருப்பது இயல்பே. அந்நாளில் படப்பெட்டியுடன் ஊருக்குச் சென்ற பிரதிநிதி, காட்சி தொடங்குமுன் ஒவ்வொரு வகுப்பின் டிக்கெட் புத்தகத்திலும் முதல் எண்ணையும், விற்பனை முடிந்ததும் கடைசி எண்ணையும் குறித்து, கழித்து, வரியை நீக்கி, பங்கைக் கணக்கிட்டு டி.சி.ஆர். என்னும் அன்றாட வசூல் அறிக்கையை எழுதுவார். மழை பெய்த மாலைக் காட்சிக்குப் பெண்கள் வந்தார்களா, இடைவேளையில் எத்தனை பேர் எழுந்து போனார்கள், இரண்டாம் வாரம் வசூல், படத்தைத் தொடர்ந்து ஓட்டத் தேவையான ஹோல்டோவர் தொகைக்குக் கீழே சரியுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுதப்படாமலே அவருக்குத் தெரியும். இன்று டிக்கெட் எண்கள் கணிப்பொறியில் வருகின்றன. அவற்றை வாசிக்கும் கண் மட்டும் இன்றும் அரங்கில் நின்றவர்க்கே வாய்க்கிறது.

எந்த வாயிலில் நுழைந்தாலும் தகுதியும் பொறுமையும் வேண்டும். வெள்ளிக்கிழமையன்று திரையைப் பார்த்து மகிழ்பவன் ரசிகன். திரும்பி, காலியாகக் கிடக்கும் வரிசைகளையும் பார்ப்பவனுக்கே நிர்வாகத்தில் நாட்டம் உண்டு. அந்த நாட்டம் இல்லாத பிள்ளையை, உறவினர் மெச்சுவார்கள் என்பதற்காக இதில் தள்ளுவது அவனுக்கும் தொழிலுக்கும் கேடு. நாட்டம் உள்ளவனோ, சொற்பச் சம்பளத்தையும், வெற்றி வந்தால் பிறர் பெயரும் தோல்வி வந்தால் தன் கணக்கும் பேசப்படும் சங்கடத்தையும் பல்லாண்டுகள் பொறுத்தாக வேண்டும்.

பெற்றோரே, கல்லூரிக்குக் கட்டவிருக்கும் பணத்தை ஓராண்டு வங்கியிலேயே இருக்க விடுங்கள். அந்த ஓராண்டு பையனை ஒரு விநியோக அலுவலகத்திலோ தயாரிப்புக் கணக்கரிடமோ அமர்த்துங்கள். அதன் பிறகும் அவன் அந்தப் பட்டத்தைக் கேட்டால், மனமுவந்து படிக்க வையுங்கள்.