பழைய ஏட்டில் ஒரு பெயர்

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பகுதியிலிருந்து கடல் கடந்து சென்றோர் பலர். விலங்கு பூட்டப்பெற்றுச் சென்றோரும் அவர்களுள் உண்டு. 1806-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். பின்னர்த் தண்டனை பெற்றோருள் ஐவர் நாடு கடத்தப்பட்டனர். 1825-இல் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர் பென்கூலனிலிருந்து சிங்கப்பூர் சேர்ந்தனர்.

இத்தகையோருள் ஒருவர் எம் முன்னோர் என்று ஒரு குடும்பத்தில் பேச்சு வழங்கலாம். அதற்குச் சான்றாக எஞ்சுவது பெரும்பாலும் ஏட்டின் ஒரு வரியே: பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடலின் தழும்பு, குற்றம், தண்டனை. அக்கால மாகாண ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன.

மாணவர்களே, அவ்வரியைப் படிப்பது எளிதன்று. ஆங்கில எழுத்தர் 'எஸ்' இரட்டித்து வருமிடத்தில் முதலெழுத்தை நீட்டி எழுதுவர். அது 'எஃப்' போலத் தோன்றும். ஆதலின் 'உசேன்' என்னும் பெயர் 'உஃப்சேன்' எனக் கண்ணை மயக்கும். 'என்', 'யூ' என்னும் எழுத்துகளும் ஒன்றுபோலவே வளையும். நம் ல, ள, ழ மூன்றும் அயலார் செவியில் ஒன்றாயின. ஆகவே பெயரை முதலிற் படிக்க முயலாது, ஐயமற்ற மாதப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் கண்டு, அவ்வெழுத்தரின் நெடுங்கணக்கை நாமே வரைந்துகொள்ளல் வேண்டும். பின்னர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தால், எழுத்தில் மறைந்த தமிழ் ஒலியில் வெளிப்படும்.

பெரிய இடர் வேறொன்று. நம் கணக்கர் 'மேற்படி' என்பதற்கு ௸ என எழுதியதுபோல, ஆங்கில எழுத்தரும் 'டிட்டோ' என்பதை இரண்டெழுத்தாகச் சுருக்கினர். ஒரு வரி பிறழ்ந்து நோக்கின், எவனோ செய்த கொலை ஆடு திருடியவன் தலையில் ஏறிவிடும்! அக்குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அப்பழியைச் சுமக்கும்.

ஊரிலும் விழிப்பு வேண்டும். இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள வாணியம்பாடி, 1911 வரை சேலத்தைச் சார்ந்திருந்தது. அண்டையிலுள்ள ஆம்பூரோ வட ஆர்க்காட்டைச் சார்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரும் அப்பொழுது சித்தூரே. எனவே, வாணியம்பாடிக் கைதியைத் தேடுவோர் சேலத்து ஏட்டைப் புரட்டுதல் வேண்டும். ஐயமான எழுத்தின்கீழ் ஒரு புள்ளியிட்டு, தந்தை பெயரும் ஊரும் தழும்பும் ஒத்துவரும்வரை அப்பெயரைக் குடிவழியிற் சேர்க்காது வைத்திருப்பர்.