தாய்மார் பேச்சும் குழந்தை வளர்ச்சியும்

மழலையின் இனிமையைப் பாடிய புலவர்கள் தமிழில் பலர். அம்மழலையைப் பெற்றவர்கள் தம்முள் கூடிப் பேசும் பேச்சைப் பொருட்படுத்தியவர்களோ சிலர்தாம். "பல் முளைச்சிருச்சா?", "உம் மவ நிக்கிறாளா?", "எம் பய ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறான்க்கா" என்னும் பேச்சு நடவாத தெருக்குழாய் உண்டா? எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுவார்கள். அந்த வரிசையில் நின்று பாருங்கள். இரண்டு மணி நேரமும் இதே பேச்சுத்தான். கற்றவர் சிலர் இதனை வம்பு என்று ஒதுக்குவர். வம்பும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், உற்றுநோக்கல் என்று நாம் அறிவியல் பாடத்தில் படிக்கும் செயலைத் தாய்மார் அங்கே நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றனர் என்பதும், அவர்கள் சொல்வதை மற்றவர்கள் எவ்வாறு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தையின் வாழ்வே மாறிவிடும் என்பதும் என் கருத்து.

பருவங்களும் மாதங்களும்

தமிழ் இலக்கிய மாணவியாகிய எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைத்தமிழ். காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். என் அண்ணன் மகள் வளர்ந்ததை அருகிருந்து பார்த்த பிறகு, அவை ஒருவகை வளர்ச்சி அட்டவணை என்றே எனக்குப் படுகிறது. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் பாடுக என்பது பாட்டியல் நூலார் மரபு. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் ஓராண்டு நிறையும் காலம்.

இக்கணக்கு வெறும் கற்பனையா? உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டது. அதன்படி குழந்தைகள் பிடிமானமின்றித் தனியே நடக்கத் தொடங்கும் சராசரி வயது ஏறத்தாழ 12 மாதம். வருகைப் பருவத்தை வகுத்தவர்கள் பிள்ளை பெற்ற வீட்டை நன்கு அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஆய்வில் சராசரியைக் காட்டிலும் முக்கியமானது இடைவெளி. தனியே நடப்பதற்கு அவர்கள் கண்ட எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. தவழ்வதற்கு 5.2 முதல் 13.5 மாதம் வரை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடக்கச் சென்ற குழந்தைகள் நூற்றுக்கு நால்வர் இருந்தனர். என் அண்ணன் மகளும் அத்தகையவளே. உட்கார்ந்தபடியே ஒரு காலை உந்தி, கூடம் முழுவதும் தேர் ஓட்டுவதுபோல் நகர்வாள். அண்ணி கவலைப்பட்டபோது என் தாயார், "நீ ஏம்மா பயப்படுறே? உன் வீட்டுக்காரரும் இப்படித்தான் ஊர்ந்தாரு, ரெண்டு நிஜாரு தேஞ்சுது" என்றார்கள். அவள் பதினான்காம் மாதத்தில் எழுந்து நடந்தாள். அமெரிக்க நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து நீக்கிவிட்டது என்பதை இங்கே குறிப்பிடலாம். என் தாயாருக்கு அச்செய்தி வியப்பளிக்கவில்லை.

பிள்ளைத்தமிழில் ஒன்றை மட்டும் காண முடியாது. அங்கே எந்தக் குழந்தையும் பிந்துவதில்லை. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ, அரசரோ, ஆன்றோரோ ஆதலால், சப்பாணி கொட்ட வேண்டிய மாதத்தில் கொட்டியே தீர்வர். தெருவில் வளரும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. "அதே மாசத்துல பொறந்த அடுத்த வீட்டுப் புள்ள ஓடுது" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் இன்னொருத்திக்கு அன்று சோறு இறங்காது. பெருமை பேசுகிறவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தந்தையர் இருவர்

குழந்தையைக் கவனித்து எழுதுவது சிறுமையான செயலன்று என்பதற்கு அறிஞர் சார்லஸ் டார்வின் சான்று. 1839ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி அவர் குறிப்பேடு வைத்திருந்தார். பிரெஞ்சு அறிஞர் தேன் தம் மகள் பேசக் கற்றதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தபின், பழைய குறிப்பேட்டைத் தேடியெடுத்து 1877இல் 'மைண்ட்' என்னும் ஆங்கில இதழில் வெளியிட்டார். ஒரு தந்தை சொல்லக் கேட்டு இன்னொரு தந்தைக்குத் தன் பிள்ளை நினைவு வந்தது. நம் தடுப்பூசி வரிசையில் நிகழ்வதும் இதுதானே! மகன் 45ஆம் நாள் சிரித்ததையும், ஓராண்டு நிறைந்தபோது உணவுக்கு 'மம்' என்று தானே ஒரு சொல்லைப் படைத்ததையும் அவர் எழுதுகிறார். 66ஆம் நாள் தாம் தும்மியபோது குழந்தை திடுக்கிட்டு அழுததாம். இருந்தும் 124ஆம் நாளில்கூட ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று அதனால் எளிதில் காண முடியவில்லையாம். ஒரு தும்மலுக்குக்கூட நாள் குறித்திருக்கிறார். பின்னர் நான் கூறப்போகும் செய்தியைப் படிக்கும்போது இந்தத் தும்மலை நினைவிற் கொள்க.

இரண்டாமவர் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர். அவர் மகன் டொனால்டு ஒரு வயதிலேயே பல பாடல்களைப் பிசகாமல் முணுமுணுத்தான். இரண்டு வயதிற்குள் வியக்கத்தக்க நினைவாற்றலைக் காட்டினான். தட்டையும் பாத்திரத்தையும் சுழற்றுவதில் பித்தாக இருந்தான். ஆயினும் தாய் தந்தை வந்ததையோ போனதையோ கவனிப்பதில்லை, தனித்திருந்தால் மகிழ்ந்தான், தன்னைக் குறிக்க 'நான்' என்னாமல் 'நீ' என்றே சொன்னான். 1938இல் பால்டிமோர் நகரத்தில் மருத்துவர் லியோ கானரிடம் மகனை அழைத்துச் செல்லுமுன், தந்தை இவற்றையெல்லாம் 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தார். அக்கடிதத்தில் வேண்டாத நுணுக்கங்கள் மிகுதி என்று கானர் பின்னர் குறைபட்டார். ஆனால் அதே கடிதம் மிகச் சிறந்த விவரணை என்றும் ஒப்புக்கொண்டார். 1943ஆம் ஆண்டு அவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் என்று இன்று அழைக்கப்பெறும் நிலையை உலகிற்கு முதலில் தெளிவாக விளக்கியது. அதில் முதற் குழந்தை இந்த டொனால்டு. அவர் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி, 2023இல் தம் 89ஆம் வயதில் காலமானார்.

இதற்குப் பின் நேர்ந்தது வருந்தத்தக்கது. பெற்றோரின் குறிப்பைக் கொண்டே பிறந்த ஆராய்ச்சி, சில ஆண்டுகளுக்குள் பெற்றோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தாய் அன்பற்றுக் குளிர்ந்திருந்தமையால்தான் பிள்ளை இவ்வாறாயிற்று என்று அறிஞர் சிலர் எழுதினர். அவ்வெழுத்தில் கானருக்கும் பங்குண்டு. ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் ஒரு நூல் எழுதி இக்கருத்தைத் தகர்க்க வேண்டியிருந்தது. நம் ஊரிலும் 'வளர்ப்பு சரியில்லை' என்னும் சொல் எவ்வளவு எளிதாக நாவில் வருகிறது! கைப்பேசியைக் கொடுத்துவிட்டாள், வேலைக்குப் போய்விட்டாள் என்று தாயைச் சாடுவோர் குழந்தையை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்ததில்லை.

"பேசிடுவான்"

எங்கள் தெருவில் நிகழ்ந்ததை இனிக் கூறுகிறேன். நான் அக்கா என்று அழைக்கும் ஒருவருக்கு ஆண் குழந்தை. அவன் பத்து மாதமாக இருந்தபோது ஒரு புதன்கிழமை வரிசையில் அவர் சொன்னார்: "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான், கதவ அடிச்சுச் சாத்தினா மட்டும் திரும்புறான்." நான் அண்ணன் மகளை வைத்துக்கொண்டு அருகில் நின்றிருந்தேன். நாற்புறமிருந்தும் ஆறுதல் வந்தது. "ஆம்பளப் புள்ள தாமசமாத்தான் பேசும்" என்றார் ஒருவர். "அவன் மாமனே அஞ்சு வயசுலதானே வாயத் தொறந்தான்" என்றார் மற்றொருவர். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார் ஒரு மூதாட்டி. எல்லாருக்கும் நல்லெண்ணமே. ஆனால் அந்தத் தாய் பேச்சைப் பற்றிச் சொல்லவே இல்லை. செவியைப் பற்றிச் சொன்னார். கேட்டவர்கள் அனைவரும் பேச்சைப் பற்றியே விடை கூறினர்.

செவி கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' என்று குரல் கொடுக்கும், சிரிக்கும், முகம் பார்த்து மகிழும். கதவு அடிபட்டால் தரை அதிரும், காற்று அசையும். அது கண்டு திரும்பும். இதனால் வீட்டார் ஏமாறுவது இயல்பு. ஏழெட்டு மாதத்தில் 'பாபா', 'தாதா' என அசையை அடுக்கும் பருவம் தள்ளிப்போவது ஓர் அடையாளம். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்புக் கூடுதல். அந்த அக்கா மணந்ததும் தாய்மாமனையே. 1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு, ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள் பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் நன்கு முன்னேறியதைக் காட்டியது. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பது இன்று பல நாட்டு மருத்துவர்கள் கொண்டுள்ள கணக்கு. தூங்கும் சிசுவின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் அச்சோதனையைச் செய்துவிடலாம்.

அந்தப் பையனுக்குச் சோதனை நடந்தபோது அவனுக்கு வயது இரண்டே முக்கால். முதலில் காதுக்கு வெளியே மாட்டும் கருவி. பின்னர் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை. கருவியைப் பொருத்தினால் மறுநாளே பேச்சு வந்துவிடும் என்று ஊரார் எண்ணினர். அது காதைத் திறந்துவிடும் சாவி அன்று. ஓசையை ஓசையென்று மூளை கற்க வேண்டும். வாரந்தோறும் பயிற்சி வேண்டும். அக்கா அதற்காகப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போய் வந்தார். முதல் முறை "அம்மா" என்று அவன் அழைத்தபோது அவனுக்கு ஏறக்குறைய நான்கு வயது. இப்போது ஐந்து. புதுச்சொல் ஒவ்வொன்றையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைக்கிறார். சென்ற மாதம் வரை 63 சொற்கள். அவற்றுள் ஏழு, பேருந்தில் ஏறும் ஊர்களின் பெயர்கள்.

இத்தகைய காலத்தாழ்வைக் குறைக்க எளிய கருவிகள் இல்லாமலில்லை. திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையத்தார் உருவாக்கிய பட்டியலில் 17 இனங்களே உள்ளன. பிறப்பு முதல் இரண்டாண்டு வரையுள்ள குழந்தையின் வயதிற்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால் போதும். பென்சிலுக்கு இடப்புறம் முழுதும் முடிந்துவிட்ட செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதனைக் கையாளலாம். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து வளர்ச்சிக் குறைகளையும் பார்க்கிறது. ஆனால் குழு ஆண்டில் இருமுறைதான் வரும். தாய் நாள் முழுதும் உடனிருக்கிறாள்.

அந்த அக்காவுக்குச் சென்ற ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாளே சோதனை வேண்டுமென்று கேட்டு வாங்கினார். செவி நன்றாக இருக்கிறது. இன்றும் புதன்கிழமை வரிசைக்கு வருகிறார். மற்றவர்கள் "பேசுறானா?" என்று கேட்கும்போது இவர் மட்டும், "பின்னால நின்னு, தரையத் தட்டாம, மெதுவாக் கூப்பிட்டுப் பாத்தியா?" என்று கேட்கிறார். சிலருக்கு அது பிடிப்பதில்லை, "ஏன்க்கா இப்படி அச்சாணியமாக் கேக்குறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவர் விடுவதில்லை. குழந்தையின் முதுகுப்புறம் போய் நின்று, தாமே பெயர் சொல்லி அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் தம் இடத்திற்குத் திரும்புவார்.